கோபம் இருக்கிறது, சின்னம் எங்கே?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஆளுங்கட்சி மீது மக்கள் கடும் கடுப்பில் இருக்கிறார்கள், அடுத்த தேர்தலில் பாதிப் பேருக்கு டெபாசிட் கூடத் தேறாது என்ற தொனியில் சென்ற இதழின் கருத்துக்கணிப்பில் எழுதியிருந்தீர்கள். கடுப்பு உண்மைதான், நானும் தினமும் கேட்கிறேன். ஆனால் கடுப்பிலிருந்து தோல்விக்கு ஒரே எட்டில் தாவிவிட்டீர்களே, அதுதான் எனக்கு ஒட்டவில்லை.

பள்ளி ஆசிரியராக இருந்ததால் தேர்தல் டியூட்டி பார்த்தே பாதி வயசு போய்விட்டது. 1996-ல் வாக்கு எண்ணும் மேஜையில் இருந்தேன். அப்போது வாக்குச்சீட்டுக் காலம். சின்னம் வாரியாகப் பிரித்து அடுக்கும்போது உதயசூரியனுக்கான அடுக்கு நிற்காமல் சரிந்து சரிந்து விழுந்துகொண்டே இருந்தது. எதிரே இருந்த ஆளுங்கட்சி ஏஜென்ட் முதல் சுற்றில் ஒவ்வொரு செல்லாத ஓட்டுக்கும் மல்லுக்கு நின்றார். இரண்டாவது சுற்றில் குறிப்பெடுப்பதை நிறுத்தினார். அடுத்த சுற்றுக்கு டீ குடிக்கப் போனவர் திரும்பவே இல்லை. 1991-ல் கூட்டணியாக 225 இடங்களை அள்ளிய அதிமுகவுக்கு அந்த முறை கிடைத்தது 4. பர்கூரில் முதல்வர் ஜெயலலிதாவே தோற்றார்.

அலை என்றால் எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் அந்த அலையிலும் நூற்றுக்கு 21 பேர் இரட்டை இலைக்குக் குத்தியிருந்தார்கள். திமுகவும் மூப்பனாரின் தமிழ் மாநில காங்கிரசும் கைகோத்து நின்றதால் கோபம் ஒரே பக்கம் போய்ச் சேர்ந்தது. தனித்தனியாக நின்றிருந்தால்? எண்ணிக்கை வேறாக இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

இன்னும் பின்னால் போனால் 1967. அரிசித் தட்டுப்பாடு, இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் காயம், விருதுநகரில் ஒரு மாணவர் தலைவரிடம் காமராஜரின் தோல்வி, இவை எல்லோருக்கும் தெரியும். அவ்வளவாகப் பேசப்படாத கணக்கு ஒன்று உண்டு. அந்தத் தேர்தலில் காங்கிரஸ் வாங்கியது சுமார் 41 சதவீதம். திமுக வாங்கியது அதைவிட ஒரு மயிரிழை குறைவு! ஆனாலும் திமுகவுக்கு 137 இடம், காங்கிரசுக்கு 51. ராஜாஜியிலிருந்து மார்க்சிஸ்ட்டுகள் வரை ஒரே பக்கம் உட்காரவைத்த அண்ணாவின் கூட்டணிக் கணக்கு அது. கோபத்தை மட்டும் நம்பியிருந்தால் கோட்டைக்குப் போயிருக்க முடியாது.

இனி, கோபம் வீணாய்ப் போன கதைக்கு வருகிறேன். 2012, 2013-ல் சென்னைக்கு வெளியே வாழ்ந்தவர்களுக்கு மின்வெட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் இருக்காது. அரைப் பரீட்சைத் தாள்களை நான் மெழுகுவத்தியில் திருத்தினேன், மெழுகு சொட்டி ஒரு பையனின் கணக்குத் தாளே ஒட்டிக்கொண்டது. தெருவில் ஒரு வீடு பாக்கி இல்லாமல் அதிமுக அரசைத் திட்டினார்கள். முந்தைய திமுக ஆட்சியை ‘டிவி கொடுத்தார்கள், பார்க்கக் கரண்ட் கொடுக்கவில்லை’ என்று கேலி செய்து 2011-ல் வீட்டுக்கு அனுப்பிய அதே ஜனங்கள். சரி, 2014-ல் என்ன ஆயிற்று? தனித்து நின்ற அதிமுக 39-ல் 37 இடங்களை வென்றது. திமுக ஒரு பக்கம், பாஜக அணி ஒரு பக்கம், காங்கிரஸ் தனி, இடதுசாரிகள் தனி. கோபம் நாலு பக்கமும் சிதறிப்போனது.

அது மக்களவைத் தேர்தல், கணக்கு வேறு என்பீர்கள். நியாயம்தான். 2016-ஐப் பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இந்த அரசு தீர்ந்தது என்று சென்னையில் பேசாதவர் இல்லை. சென்னையில் உள்ள 16 தொகுதிகளில் 10-ஐ திமுக பிடிக்கவும் செய்தது. ஆனால் மாநிலத்தில் அதிமுகவே ஜெயித்தது. இரண்டு அணிகளுக்கும் இடையே இருந்தது ஏறக்குறைய ஒரு சதவீத ஓட்டுதான். மக்கள் நலக் கூட்டணி என்று மூன்றாவதாக ஓர் அணி நின்றதை மறந்துவிடக் கூடாது.

ஆளுங்கட்சிக்காரர்கள் இதைப் படித்துக் குளிர்ந்துவிட வேண்டாம். 2004 மக்களவைத் தேர்தலில் 39 தொகுதிகளையும் பறிகொடுத்ததும் ஜெயலலிதா அரசு ஊழியர்கள் மீதான நடவடிக்கைகளையும் மதமாற்றத் தடைச் சட்டத்தையும் திரும்பப் பெற்றார், விவசாயிகளுக்கு இலவச மின்சாரத்தை மீண்டும் தந்தார். அப்படி இறங்கி வந்தும் 2006-ல் ஆட்சி போனது. ஆனால் 1996 போலத் துடைத்தெறியப்படவில்லை. அதிமுகவுக்கு 61 இடம் கிடைத்தது, திமுகவால் 96-க்கு மேல் தனியாகப் போக முடியவில்லை. புதிதாக வந்த விஜயகாந்த் எட்டு சதவீதத்துக்கும் மேல் ஓட்டைப் பிரித்ததும் ஒரு காரணம்.

போன வாரம் என்னை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போன ஆட்டோக்காரத் தம்பி வழி நெடுக ஆட்சியை வறுத்தெடுத்தார். இறங்கும்போது, “அப்போ யாருக்குப்பா போடுவே?” என்று கேட்டேன். மீட்டரையே கொஞ்ச நேரம் பார்த்தார். “அதான் சார் தெரியல” என்றார்.

உங்கள் நிருபர்கள் ‘ஆட்சி மேல் கோபமா?’ என்ற முதல் கேள்வியை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறார்கள். அடுத்த கணிப்பில் இந்த இரண்டாவது கேள்வியையும் கேட்கச் சொல்லுங்கள். ‘தெரியாது’ என்றவர்கள் எத்தனை பேர் என்பதைக் கடைசிப் பத்தியில் பொடி எழுத்தில் ஒளித்துவைக்காமல் அட்டையிலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர்