செவலைக்காக ஓடியவர்களுக்கு நன்றி

நேற்று காலை எங்கள் நாய் செவலைக்குத் தையல் பிரித்தாயிற்று. வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் குடித்துவிட்டு, வாசற்படியில் தன் பழைய இடத்திலேயே சுருண்டு படுத்துவிட்டாள். அவளைப் பார்த்துக்கொண்டே இதை எழுதுகிறேன். சவுக்குக் கம்பு அவள் அக்குளில் குத்தி உடைந்து நின்றது உங்களுக்கெல்லாம் தெரியும்; மறுபடி விவரமாகச் சொல்லத் தெம்பில்லை.

மூலையில் கட்டட வேலை நடக்கும் இடத்தில் சமையல் செய்யும் அக்காவுக்குத்தான் முதல் நன்றி. எழுதப் படிக்க வராது என்றீர்கள், அக்கா. உங்கள் மகன் படித்துக் காட்டட்டும்.

சவுக்குக் கம்பை எடுத்த பிறகும் அக்குள் புண் ஆறவில்லை. மாத்திரை கொடுத்தால் மூடும்; நிறுத்தினால் மறுபடி சீழ் வடியும். எக்ஸ்ரேயில் எதுவும் இல்லை. மரத்துண்டு எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது என்பதே எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. "உடைந்த கம்பின் மறுபாதி கிடைக்குமா?" என்று டாக்டர் கேட்டபோது ஒரு மாதம் ஓடியிருந்தது. நம்பிக்கையில்லாமல்தான் வந்து கேட்டேன். நீங்கள் தகரக் கொட்டகைக்குள் போய், சிமென்ட் சாக்கில் சுற்றி வைத்திருந்ததை எடுத்து வந்தீர்கள். "விறகோட சேத்துப் போட்டுட்டாங்க. ரத்தம் பட்டது, அடுப்புல வைக்க மனசு வரல" என்றீர்கள்.

முதலில் எடுத்த துண்டை நான் ஒரு டப்பாவில் வைத்திருந்தேன். டாக்டர் இரண்டையும் மேசைமேல் முனையோடு முனை பொருத்தினார். ஒரு பக்கம் சரியாகச் சேர்ந்தது; மறுபக்கம் பட்டையோடு சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு சிலாம்பைக் காணோம். "உள்ளேதான் இருக்கு" என்றார். புண் போகும் வழியிலேயே ஸ்கேன் கருவியை நகர்த்தித் தேடினார். தோள்பட்டைக்கு அடியில் ஒரு வெள்ளைக் கோடு, அதன் கீழே கறுப்பு நிழல். மறுநாளே எடுத்துவிட்டார்கள்.

அந்த மாதம் முழுக்க, புண்ணை நக்குகிறாள் என்று அவளை அதட்டிக்கொண்டிருந்தேன். அவள் இடத்தைக் காட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். இனி எந்த நாய்க்கு ஒரு புண் மூடி மூடித் திறந்தாலும், உள்ளே தேடச் சொல்லாமல் நான் வீடு திரும்பமாட்டேன்.

அன்று கம்பைப் பிடுங்கப் போன என் கையைத் தடுத்து, "அதுதான் ரத்தத்த அடைச்சிட்டு நிக்குது" என்று துண்டால் சுற்றிக் கட்டி, பள்ளம் மேடு பார்த்து ஓட்டிய ஆட்டோ அண்ணன், ராத்திரி முழுக்க ட்ரிப்ஸ் பார்த்த மாணவர்கள், பெயர்கூடச் சொல்லாமல் பணம் அனுப்பியவர்கள், எல்லோருக்கும் கைகூப்பிய நன்றி.

அக்கா, ஞாயிற்றுக்கிழமை செவலையைக் கூட்டிக்கொண்டு கொட்டகைக்கு வருகிறேன். நடந்தே வருவாள்.