மீனாவுக்கு, திருவாரூரிலிருந்து

அன்புள்ள மீனா,

உன் கடிதமும் பேத்தி காதுகுத்துப் படங்களும் வந்து சேர்ந்தன. உன் சம்பந்தி அம்மாள் பட்டுப்புடவையில் உன்னைவிட இளசாகத் தெரிகிறாள், கோபித்துக்கொள்ளாதே. இங்கே சம்பா அறுத்து முடிந்தது. அறுப்புக்கு ஒரு வாரம் முன்னாடி ஈரத்திலேயே தெளித்த உளுந்து, தாளுக்கு நடுவே பச்சைக் கட்டி நிற்கிறது. பூக்கிற நேரத்தில் மழை வந்து கெடுக்காமல் இருந்தால் போதும்.

என் மருமகள் சாப்பிடுகிற ‘மேக்ரோபயாட்டிக்’ சாப்பாடு என்னடி, சர்க்கரைக்கு நல்லதா, நானும் ஆரம்பிக்கலாமா என்று கேட்டிருந்தாய். அது ஜப்பான்காரர்கள் சமாச்சாரம். நூற்றிருபது வருஷத்துக்கும் முன்னே அங்கே ராணுவத்தில் தீட்டிய வெள்ளை அரிசியாகவே தின்று, பி1 சத்துக் குறைந்து வருகிற பெரிபெரி நோய் வந்து சிப்பாய்கள் சாய்ந்தார்களாம். அந்தக் காலத்தில் இஷிசுகா என்ற ராணுவ மருத்துவர், தவிட்டோடு இருக்கிற தானியத்தைத் தின்னுங்கள், பிறந்த மண்ணில் விளைவதைத் தின்னுங்கள் என்று சொல்லிவந்தார். அவர் வழியில் வந்த ஜார்ஜ் ஒசாவா அதை வெளிநாடுகளுக்குக் கொண்டுபோனார்; 1966-ல் காலமானார். தட்டில் பாதி தீட்டாத தானியம், மீதியில் காய், கொஞ்சம் பயறு, கடல்பாசி, சோயாவைப் புளிக்கவைத்த மிசோவில் ஒரு சூப். சர்க்கரையும் பாலும் கிடையாது.

வீகன் என்பது வேறு. 1944-ல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் சிலரும் ஆரம்பித்தது. பால், நெய், தேன் எதுவும் ஆகாது. ஒசாவா வழியில் எப்போதாவது மீன் உண்டு, இதில் அதுவும் இல்லை. என் மருமகள் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

வந்த புதிதில் சென்னையிலிருந்து மிசோ டப்பா, பாசித் தாள், ஏதோ உப்புப் பழம் என்று ஒரு பெட்டி நிறைய வந்தது. விலையைச் சொன்னால் உனக்குச் சர்க்கரை ஏறிவிடும். கூடவே ஒரு புத்தகம். அதில் தள்ளவேண்டியவை என்று ஒரு பட்டியல்: தக்காளி, உருளைக்கிழங்கு, கத்தரிக்காய், மிளகாய், தேங்காய், வாழைப்பழம். வெப்ப நாட்டுப் பண்டங்கள் உடம்பைக் குளிர்த்தித் தளர்த்திவிடும் என்பது அவர்கள் கணக்கு. “பனி கொட்டுகிற ஊர்க்காரன் தேங்காயைத் தள்ளினால் சரி. கொல்லையில் ஆறு மரம் நிற்கிற வீட்டில் நீ ஏம்மா தள்ளுகிறாய்? மண்ணில் விளைவதைத் தின்னு என்று முதல் பக்கத்தில் எழுதிவிட்டு, பாசியைக் கப்பலில் வரவழைக்கச் சொல்கிறானே” என்றேன். அவள் கெட்டிக்காரி. யோசித்துவிட்டு, “சரி அத்தை, விதியை வைத்துக்கொள்வோம், பட்டியலை விட்டுவிடுவோம்” என்றாள். அன்றிலிருந்து எங்கள் அடுப்படியில் சண்டை இல்லை.

யோசித்துப் பார், நம் அமாவாசைச் சமையல் முக்கால்வாசி அதுதானே? வாழைக்காய், பூசணி, அவரை, சேப்பங்கிழங்கு, பாசிப்பருப்பு. சீமைக்காய் எதுவும் சேராது. மோரும் நெய்யும்தான் உதைக்கும். அவர்கள் எள்ளை உப்போடு வறுத்து நுணுக்கிச் சோற்றின்மேல் தூவுகிறார்கள். நம் எள்ளுப்பொடியில் மிளகாயும் பெருங்காயமும் எடுத்தால் அதுதான். ஒவ்வொரு கவளத்தையும் ஐம்பது தடவை மெல்லச் சொல்கிறார்கள். நொறுங்கத் தின்றால் நூறு வயது என்று உன் ஆத்தா சொல்லாததா! ஆனால் எங்கள் வீட்டுக்காரர் எதிரே உட்கார்ந்து அவள் மெல்லுவதை எண்ண ஆரம்பித்துவிட்டார். அவருக்கு ஞாயிற்றுக்கிழமை மீன்சட்டி தனியாக ஏறத்தான் ஏறுகிறது.

நம் பக்கம் தவிட்டரிசிதான் எல்லாரும் தின்றார்கள் என்று பேசுகிறார்களே, அப்படியும் இல்லை. நாம் தின்றது புழுங்கல். அம்மாச்சி வீட்டுக் கொல்லையில் அண்டா வைத்து நெல் அவிப்பார்களே, ஞாபகமிருக்கா? அந்தப் புழுங்கல் வாடை பாவாடையில் ஒட்டி இரண்டு நாள் போகாது. முற்றத்தில் காயும் நெல்லைக் காலால் துழாவிவிடச் சொல்லி நம்மை வெயிலில் விரட்டுவார்கள். அவிக்கும்போது தவிட்டில் இருக்கிற பி1 சத்து அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுசாகப் போவதில்லை. வெறும் பச்சரிசி தின்ற ஆந்திரக் கரையோரத்தில் பெரிபெரி இருந்தும், புழுங்கல் தின்றவர்களிடம் அவ்வளவாக வராததற்கு இதுதான் காரணம்.

தவிட்டோடு தின்ன நம் பழைய சிவப்பரிசி மாப்பிள்ளைச் சம்பா இப்போது தேடாமலே கிடைக்கிறது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் நெல் ஜெயராமன் விதை கொடுத்துக் கொடுத்துப் பரப்பிய புண்ணியம். பாவம், 2018-ல் போய்விட்டார். அந்த அரிசியை ராத்திரியே ஊறப்போடு. ஒரு டம்ளருக்கு மூன்று டம்ளர் தண்ணீர், ஒரு கல் உப்பு. குக்கரில் முதல் விசில் வந்ததும் தணலைக் குறைத்து அரைமணி நேரம் விட்டுவிடு. விசில் எண்ணாதே. அரிசி வாய்விட்டு வெடித்து, உள்ளே வெள்ளை தெரியவேண்டும். அதற்குமுன் இறக்கினால் உன் பல்செட்டுக்கு ஆகாது. தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், மூட்டையாக வாங்கிவிடாதே. மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வை. எனக்கு மிசோவைவிட மறுநாள் நீராகாரமும் சின்ன வெங்காயமும்தான் இறங்குகிறது.

தயிர்தான் கஷ்டம். நிலக்கடலையை ஊறவைத்துத் தோல் நீக்கி அரைத்து, மெல்லிய துணியில் பிழிந்து, பாலைக் கைவிடாமல் கிளறிக் காய்ச்சுகிறாள். கொஞ்சம் அசந்தால் அடிப்பிடிக்கும். வெதுவெதுப்பு ஆனதும் பச்சை மிளகாய்க் காம்பு ஏழெட்டைத் தொப்பியோடு போட்டு மூடிவைத்தால் காலையில் உறைந்திருக்கும். முதல் தயிர் தளதளவென்று கடலை வாடையாக இருக்கும். அதையே உறைக்கு எடுத்து மறுபடி போடுவது கெட்டியாக வருகிறது. மோர்க்குழம்புக்குப் பரவாயில்லை. தயிர்ச்சோற்றுக்கு என்னைக் கேட்டால், வேண்டாம். காலையில் பால்விட்ட ஃபில்டர் காபியை நான் விடவில்லை, விடப்போவதும் இல்லை. அவள் வெல்லம் போட்ட கடுங்காப்பி குடிக்கிறாள்.

இதைத் தின்றால் சர்க்கரை போகும், புற்று போகும் என்று எவராவது சொன்னால் எழுந்து வந்துவிடு. ஒசாவா சொன்ன படிகளில் கடைசிப் படி வெறும் தானியம் மட்டும். அதைப் பிடித்துக்கொண்டு 1965-ல் அமெரிக்காவில் ஒரு இளம்பெண் இறந்தே போனாள். தவிட்டரிசியும் மாவுச்சத்துதான். சர்க்கரை மெதுவாக ஏறும், ஏறாமல் இருக்காது. அளந்து தின்னு, காயைக் கூட்டு. இன்னொன்று, பி12 செடிகொடியில் கிடைக்காது, பாலையும் விட்டவர்கள் மாத்திரை போட்டே ஆகவேண்டும். மருமகள் போடுகிறாள். நீயோ வருஷக்கணக்காகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை போடுகிறவள், அதுவே பி12-ஐக் குறைக்கும். பாலை நிறுத்துவதற்கு முன்னே டாக்டரிடம் சொல்லி ரத்தத்தில் அதைப் பார்க்கச் சொல். உள்ளங்கால் எரிகிறது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாயே, அதையும் மறக்காமல் சொல்.

எங்கள் கொழுந்தனார் மகன் அடுத்த வாரம் தாம்பரம் வருகிறான். அவனிடம் இரண்டு கிலோ மாப்பிள்ளைச் சம்பாவும் கொஞ்சம் எள்ளும் கொடுத்துவிடுகிறேன். பாத்திரத்தைத் திருப்பி அனுப்பு, போன தடவை தூக்குச்சட்டி வரவேயில்லை.

அன்புடன்,
உன் சரோஜா