டார்கா ஃப்ளோரியோவை மறுபடி ‘நிஜ ரேஸாக’ ஓட்டச் சொல்பவர்களுக்கு

நண்பர்களே,

டார்கா ஃப்ளோரியோ என்ற பழைய சாலைப் பந்தயத்தின் நினைவாக இத்தாலியின் சிசிலித் தீவில் பழைய கார்கள் கிளம்பும்போதெல்லாம் நீங்களும் கிளம்பிவிடுகிறீர்கள். “இது பொம்மை ரேஸ், சாலையை அடைத்துவிட்டுப் பழையபடி முழு வேகத்தில் ஓட விடுங்கள்” என்று. அந்த ஏக்கம் எனக்கும் உண்டு. ஆனால் எதைக் கேட்கிறோம் என்று யோசித்தீர்களா?

1906இல் வின்சென்சோ ஃப்ளோரியோ தொடங்கிய பந்தயம் இது. பிற்காலத்தில் மடோனியே மலையில் ஒரு சுற்று 72 கிலோமீட்டர். செர்தாவிலிருந்து ஏறி, கால்தாவுத்தூரோ, கொல்லெசானோ என்று ஊர்களைத் தொட்டுக்கொண்டு கடலோரம் இறங்கும். அங்கே ஆறு கிலோமீட்டர் நேர் சாலை, அப்புறம் மறுபடி மலை. வளைவுகள் எண்ணூறுக்கு மேல் என்பார்கள். 1970இல் லெயோ கின்னுனென் போர்ஷே 908/3இல் இந்தச் சுற்றை 33 நிமிடம் 36 விநாடியில் முடித்தார். சராசரி வேகம் மணிக்கு 128 கிலோமீட்டர். காரின் எடை 550 கிலோகூட இல்லை. ஓட்டுநரின் பாதம் முன் அச்சுக்கும் முன்னால் இருக்கும். அந்தக் காலத்துப் படங்களைப் பாருங்கள். கைநீட்டினால் கார் தட்டுப்படும் தூரத்தில், மதில் மேலும் வாசற்படியிலும் சனம்.

அந்த நெருக்கம்தான் உங்களை இழுக்கிறது, தெரியும். பலெர்மோக்காரர் நீனோ வாக்கரெல்லா, தொழிலில் பள்ளி ஆசிரியர். 1965, 1971, 1975 என மூன்று முறை வென்றார். வழிநெடுக சுவர்களில் ‘விவா நீனோ’ (நீனோ வாழ்க) என்று எழுதிவைத்தார்கள். உள்ளூர் வாத்தியார் பெரிய பெரிய ஆட்களைத் தோற்கடித்தால் எந்த ஊர்தான் சும்மா இருக்கும்?

ஆனால் 1977இல் நாலாவது சுற்றில் ஒரு கார் சாலையை விட்டு விலகிப் பாய்ந்ததும் அதே நெருக்கத்துக்குள்தான். பார்வையாளர்கள் இரண்டு பேர் இறந்தார்கள். பந்தயம் அத்தோடு நின்றது. அதற்கு இருபது வருடம் முன்னால் இத்தாலியின் இன்னொரு சாலைப் பந்தயமான மில்லே மில்யாவில், குவிதித்சோலோ அருகே ஒரு ஃபெராரியின் டயர் வெடித்து, பார்க்க வந்த ஒன்பது பேர் போனார்கள். ஐந்து பேர் குழந்தைகள். ‘ஆபத்து தெரிந்துதானே ஓட்டுகிறார்கள்’ என்ற உங்கள் வாதத்தை அந்தக் குழந்தைகளிடம் எப்படிச் சொல்வது?

சரி, அந்த ‘பொம்மை ரேஸை’க் கொஞ்சம் கிட்ட நின்று பார்த்திருக்கிறீர்களா? சாலைக்குக் குறுக்கே மெல்லிய ரப்பர் குழாய் கிடக்கும். முன் சக்கரம் அதில் ஏறும் கணம், விநாடியில் நூறில் ஒரு பங்கு வரை பதிவாகும். குறித்த நேரத்துக்கு முந்தி வந்தாலும் புள்ளி போகும், பிந்தினாலும் போகும். பக்கத்து இருக்கைக்காரர் “மூணு, ரெண்டு, ஒண்ணு” என்று எண்ண, ஓட்டுநர் அறுபது வருடக் காரைப் பாதத்தின் நுனியால் நகர்த்திக்கொண்டு வருவார். மலையில் காரை விரட்டுவதைவிட இதற்கு நிதானம் அதிகம் வேண்டும் என்பது என் கட்சி. நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

மனு எழுதியே தீருவீர்கள் என்றால் சாலைக்காக எழுதுங்கள். மண்சரிவில் அடிபடும் மலை அது. விரிசலை அடையுங்கள், தடுப்புச் சுவரைக் கட்டுங்கள், கொல்லெசானோவுக்கு ஆம்புலன்ஸ் தடங்கலில்லாமல் போய் வரட்டும் என்று கேளுங்கள். முதல் கையெழுத்தை நான் போடுகிறேன்.

அன்புடன்,
உங்களைப் போலவே ஒரு பைத்தியம்