சிவப்பு லைட் எரிகிறது என்று எழுதியிருந்தாயே

கோவில்பட்டி
ஞாயிறு மாலை

அன்புள்ள செல்வராஜ்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மகளுக்கு வேலை கிடைத்த சேதியைப் படித்ததும் வீட்டில் பாயசமே வைத்துவிட்டார்கள். எனக்குச் சர்க்கரை, அரை டம்ளர்தான்.

இப்போது உன் மோடம் புலம்பலுக்கு வருகிறேன். வெள்ளையடித்த அன்றிலிருந்து எல்ஓஎஸ் (சிக்னல் வரவில்லை என்பதன் சுருக்கம்) என்ற இடத்தில் சிவப்பாக எரிகிறது என்றாய். யாரோடும் சண்டைக்குப் போகாதே. வெள்ளையடிக்க வந்தவர்கள் மோடத்துக்கு வருகிற அந்த மஞ்சள் ஃபைபர் ஒயரை, அதுதான் உள்ளே கண்ணாடி இழை ஓடுகிற ஒயர், ஆணியில் இறுக்கிச் சுற்றியிருப்பார்கள், பார்.

உங்கள் தோட்டத்துக் கிணற்றில் முங்கி மேலே பார்ப்போமே, ஞாபகமிருக்கா? தலைக்கு நேரே வானம் கலங்கலாகத் தெரியும். ஓரமாகப் பார்த்தால் தண்ணீரின் மேல்பரப்பே கண்ணாடி மாதிரி மின்னும். சாய்வாகப் போகிற வெளிச்சம் தண்ணீரை விட்டு வெளியேற முடியாமல் உள்ளேயே திரும்பிவிடுகிறது. ஃபைபரும் அப்படித்தான். நடுவில் 9 மைக்ரான் கண்ணாடி (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்), அதைச் சுற்றி மொத்தம் 125 மைக்ரான் அகலம் வரும்படி இன்னொரு கண்ணாடி. இரண்டுக்கும் ஒளியை வளைக்கும் குணத்தில் வித்தியாசம் அரை சதவீதம்கூட இல்லை. அதனால் வெளிச்சம் ஏறக்குறைய நேராகப் போனால்தான் உள்ளே தங்கும். ஒயரை மடக்கினாயோ, அந்த இடத்தில் கசிந்துவிடும். கண்ணாடி உடைந்திருக்க வேண்டியதே இல்லை.

செம்புக் கேபிளில் ஜாயிண்ட் போட்ட காலத்தில் எங்களுக்குத் தண்ணீர்தான் எதிரி. மழை பிடித்தால் போன் எல்லாம் கொரகொரவென்று இரையும். ஃபைபரில் தூசிதான் எதிரி. இரண்டு இழைகளை ஒட்டுகிற ஸ்ப்ளைசிங்குக்கு உட்கார்ந்தால் மேல்தோலை உரித்து, ஸ்பிரிட்டில் துடைத்து, கிளீவர் என்ற வெட்டும் கருவியில் ஒரே வெட்டு. பிறகு மெஷினில் இரண்டு முனையையும் வைத்தால் திரையில் இரண்டு தூண்கள் மாதிரி எதிரெதிரே நிற்கும். பொறி ஒன்று பாயும், இரண்டும் உருகி ஒன்றாகும். ஒட்டில் வீணாகும் வெளிச்சம் 0.02 டெசிபல் என்று காட்டினால் அன்றைக்கு மனசு நிறைந்துவிடும். 0.3 காட்டினால் மறுபடி வெட்டு. வெட்டி விழுந்த துண்டு விரலில் ஏறினால் கண்ணுக்கே தெரியாது, இரண்டு நாள் குத்திக்கொண்டே இருக்கும்.

இதில் நம்மவர் ஒருவர் இருக்கிறார் தெரியுமா? பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. 1954-ல் லண்டனில் ஹாப்கின்ஸ் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து, கண்ணாடி இழைக் கட்டு வழியாகப் படத்தையே அனுப்பிக் காட்டினார். ஆனால் அந்தக் காலக் கண்ணாடியில் வெளிச்சம் சில மீட்டரிலேயே மங்கிவிடும். கோளாறு கண்ணாடியில் இல்லை, அதில் கலந்திருக்கும் இரும்பு போன்ற அழுக்கில்தான் என்று 1966-ல் சொன்னவர் இங்கிலாந்தில் வேலை பார்த்த விஞ்ஞானி சார்லஸ் காவ். ஒரு கிலோமீட்டர் தாண்டி 100-ல் 1 பங்கு வெளிச்சம் மிஞ்சினாலே போதும், போன் பேசலாம் என்று கணக்குப் போட்டார். 1970-ல் அமெரிக்காவின் கார்னிங் கண்ணாடிக் கம்பெனிக்காரர்கள் அதைத் தாண்டிவிட்டார்கள். இன்றைய ஃபைபரில் 15 கிலோமீட்டர் போனாலும் பாதி வெளிச்சம் மிச்சம்! காவுக்கு 2009-ல் நோபல் கிடைத்தது. கபானிக்கு அதில் பங்கில்லை என்பதில் எனக்கு இன்னும் வருத்தம்தான்.

நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஆணியிலிருந்து ஒயரைக் கழற்றி, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வளையமாக விடு. மோடத்தில் செருகியிருக்கும் ஒயரின் பச்சைத் தலையைக் கழற்றினால் வேட்டி முனையால் துடைத்துவிடாதே, 9 மைக்ரானுக்கு முன்னால் ஒரு தூசி பாறாங்கல். முனையைக் கண்ணுக்கு நேரே வைத்தும் பார்க்காதே. உள்ளே வருவது அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது, தெரியாததாலேயே ஆபத்து. அப்படியும் சிவப்பு அணையவில்லை என்றால் வெளியே எங்கோ அறுந்திருக்கிறது, அதற்குப் புகார்தான் கொடுக்கணும்.

ஆவணி பிறந்ததும் ஒரு நடை வருகிறேன். தங்கச்சி கொடுத்தனுப்பிய மாவடு பாட்டிலை மட்டும் திருப்பிக் கேட்காதே என்று சொல். வெட்டிய கண்ணாடித் துண்டுகளை அதில்தான் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

உன்,
மாரியப்பன்