குளத் திருப்பணி நிறைவு அறிக்கை: வடிகாலுக்கு ஏன் இவ்வளவு செலவு?

உறுப்பினர்கள் அனைவருக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

சிவன் கோயில் குள வேலை போன ஆனியிலேயே முடிந்துவிட்டது. ஒரு மழைக்காலத்தைத் தாண்டட்டும், அப்புறம் எழுதலாம் என்று இருந்ததால் இந்த அறிக்கை தை மாதம் வருகிறது. வரவு செலவுத் தாள்களைப் பில்களோடு மண்டபத்தில் ஒட்டியிருக்கிறோம். படித்தவர்களில் பலர் கேட்டது ஒன்றுதான்: "குளத்துக்குக் கொடுத்த பணத்தில் பாதிக்கு மேல் வடிகாலுக்குப் போயிருக்கிறதே, ஏன்?" நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டியது எங்கள் கடமை.

குளத்துக்குத் தண்ணீர் வரும் வழி உங்களுக்குத் தெரியும். மேட்டூர் அணை, கல்லணை, வெண்ணாறு, நீடாமங்கலம் மூணாறு தலைப்பு, கோரையாறு, கடைசியில் நம் வாய்க்கால். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் கல்லணைக்கு வரவே மூன்று நான்கு நாளாகும். கடைமடையான நமக்கு அதற்கும் வெகு நாள் கழித்துத்தான். 2018 ஆகஸ்டில் மேட்டூரின் 93.47 டிஎம்சியும் நிரம்பி, உபரி நீர் கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போனது. முக்கொம்பில் கொள்ளிடம் மதகுகள் உடைந்ததும் அப்போதுதான். அந்த நாட்களில் நம் குளத்துக்குள் மாடு மேய்ந்துகொண்டிருந்தது. ஆற்றில் குறையில்லை, நம் வாய்க்கால்தான் தூர்ந்து கிடந்தது. நிலத்தடி நீர் உப்பாகிவிட்ட ஊரில் குளம் வறண்டால் மனுஷரும் மாடும் எங்கே போவது?

அதே ஆண்டு நவம்பர் 16-ல் கஜா புயல். சாலையில் விழுந்த மரங்களை அறுத்து அப்புறப்படுத்தினோம். வடிகாலில் விழுந்தவை அப்படியே கிடந்தன. அவற்றின் மேல் ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மண்டின. அடுத்து வந்த மழைக்காலங்களில் சம்பாப் பயிர் ஒரு வாரத்துக்கு மேல் தண்ணீரில் நின்று அழுகியதற்கு மழையை மட்டும் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

நம் ஊரில் வெள்ளம் என்பது பெரும்பாலும் ஐப்பசி கார்த்திகையில் நேராக வயலில் கொட்டும் மழைதான். அந்தத் தண்ணீர் கோரையாற்றில் விழுந்து முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுப் பக்கம் கடலுக்குப் போக வேண்டும். தரையோ சமம். கடல் ஏற்றமாக இருக்கும் நேரத்தில் ஆறு தண்ணீரை வாங்காது. அந்த நேரத்துக்குப் பிடித்து வைக்கக் குளத்தில் இடம் வேண்டும், கடல் வாங்கியதும் வெளியே விட வடிகால் வேண்டும். குளத்தை மட்டும் ஆழப்படுத்தியிருந்தால் இரண்டு நாள் மழையில் அது நிரம்பி, மிச்சம் தெருவுக்கு வந்திருக்கும். திருவாரூரில் கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, செங்கழுநீர் ஓடை ஐந்து வேலி என்பார்கள் (வேலி என்பது பழைய நில அளவு). ஓடையையும் குளத்துக்குச் சமமாக எண்ணிய சொல் அது. அதை மனத்தில் வைத்துத்தான் பணத்தைப் பிரித்தோம்.

வடிகால் வேலையில் பொக்லைன் ஓடியதை விடப் பேச்சுவார்த்தைக்குத்தான் அதிக நாள் பிடித்தது. கரையோரக் கொல்லைகளை எல்லைக் கல்லுக்குப் பின்னால் தள்ளச் சொன்னபோது கோபப்பட்டவர்கள் உண்டு. மாட்டுக் கொட்டகையைத் தாமாகவே பிரித்துக் கொடுத்து மற்றவர்களுக்கு வழிகாட்டிய குடும்பத்துக்கு ஊரே கடன்பட்டிருக்கிறது.

குளத்தில் எடுத்த வண்டலை வட்டாட்சியர் அலுவலக அனுமதியோடு நம் விவசாயிகளே வயலுக்கு அடித்துக்கொண்டார்கள். இன்னும் ஆழம் போகலாமே என்று இளைஞர்கள் கேட்டார்கள். களிமண் அடுக்கைத் தாண்டினால் கீழே மணல், தண்ணீர் நிற்காது என்று பெரியவர்கள் தடுத்தார்கள். அவர்கள் சொன்னபடியே நிறுத்தினோம். தென்கரைப் படித்துறையும் சரிசெய்யப்பட்டது.

ஒரு தவறையும் சொல்லியாக வேண்டும். குளத்துக்குள் தண்ணீர் வரும் குழாயை, வாய்க்காலைத் தூர்வாரும் முன்பே பதித்துவிட்டோம். மட்டத்தை வண்டலின் மேலிருந்து எடுத்தது எங்கள் பிழை. தூர்வாரியதும் வாய்க்கால் தரை இறங்கியது, குழாய் வாய் மேலே நின்றது. உடைத்துத் திரும்பப் பதித்தோம். அந்த இரண்டாம் செலவை நன்கொடையில் சேர்க்காமல் குழுவினரே பகிர்ந்து கட்டினோம்.

இந்தக் கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் பெய்த மழையில் உள்வாய் ஷட்டரை முதல் நாள் மாலையே இறக்கிவிட்டு, தண்ணீர் வெளியேறும் போக்குவாயில் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்தோம். குளம் நிரம்பியது, கரை தாங்கியது. மழை விட்ட மறுநாளே கீழ்ப்பக்க வயல்களில் பயிரின் தலை தெரிந்தது. பிள்ளையார் கோயில் தெருவில் மட்டும் முழங்கால் அளவு தேங்கியது. அங்கே மதகுக் கண் சிறியது. அதை இந்தத் திருப்பணியில் எங்களால் முடிக்க இயலவில்லை.

வழக்கப்படி ஜனவரி 28-ல் மேட்டூர் மூடினால் ஜூன் வரை வாய்க்கால் காய்ந்திருக்கும். அந்த மதகுக்கு அதுதான் நேரம். மாசி முதல் ஞாயிறு காலை மண்டபத்தில் கூடுவோம். ஷட்டர் சாவி இப்போது ஊருக்குத் தண்ணீர் திறந்து மூடும் நீர்க்கட்டியிடம் இருக்கிறது. மழை நாளில் அவரோடு இரவு காவல் நிற்கத் தெருவுக்கு இருவர் அன்றே பெயர் கொடுங்கள்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்