கசிவு கண்டறியும் பழைய கருவிகள் குறித்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர், வணக்கம்.

நம் கடையில் வாங்கிய பழைய ஹீலியம் கசிவு கண்டறியும் கருவிகளை, அவற்றுக்குள் இருக்கும் பம்புகளால் காற்றை வெளியேற்றி வெற்றிடம் உண்டாக்கவும் பயன்படுத்துகிறார்கள். அவற்றைப் பற்றி ஒரு பேச்சு பரவிவருகிறது. வெற்றிடமே எட்டாத காயலான் சரக்கை வாடிக்கையாளர் தலையில் கட்டுகிறோமாம். வேறு எந்தக் குறையைச் சொல்லியிருந்தாலும் கேட்டுக்கொண்டிருப்போம். இது நெஞ்சில் தைத்துவிட்டது. கருவியின் வாயை மூடி, உள்ளே அழுத்தம் ஒரு மில்லிபாரில் லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிய பிறகுதான் ஒவ்வொன்றையும் கட்டி அனுப்புகிறோம்.

புகார் சொன்னவர் அனுப்பிய படத்தில், கருவிக்கும் வெற்றிடமாக்க வேண்டிய கண்ணாடிக் கூண்டுக்கும் நடுவே மெல்லிய, நீளமான ரப்பர் குழாய் இருந்தது. அழுத்தம் அவ்வளவு குறைந்த பிறகு வாயு தண்ணீரைப் போல ஓடி வராது. மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதுவதைவிடக் குழாய்ச் சுவரில்தான் மோதித் திரியும். குழாயின் விட்டம் பாதியானால் வாயு கடக்கும் அளவு எட்டில் ஒரு பங்காகிவிடும். நீளம் கூடக் கூட இன்னும் குறையும். அந்தப் பக்கம் எவ்வளவு பெரிய பம்பை வைத்தாலும் இதற்கு மருந்தில்லை. ரப்பரும் தன் பங்குக்கு வாயுவை விட்டுக்கொண்டிருக்கும். கூண்டின் சுவரில் ஒட்டிய நீராவி பிரிய மணிக்கணக்காகும். இவற்றில் எதுவும் கசிவல்ல, பம்பின் கோளாறும் அல்ல. அகலமான, குட்டையான உலோகக் குழாயும் இணைப்பில் புதிய விட்டான் ஓ-ரிங்கும் (வாயுவைக் குறைவாக விடும் ரப்பர் வகையால் ஆன அடைப்பு வளையம்) போட்டுப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிலர் இந்தக் கருவியைப் பம்புக்காக மட்டும் வாங்கி, வாயுக்களை நிறைப்படி பிரித்துக் காட்டும் நிறை நிறமாலைமானிக் குழாயைக் கழற்றி எறிகிறார்கள். மனம் பொறுக்கவில்லை. நிறை எண் 4 கொண்ட ஹீலியத்தைத் தனியே பிடிப்பதற்கென்றே பிறந்த பாகம் அது. காற்றில் ஹீலியம் பத்து லட்சத்தில் ஐந்து பங்குதான் என்பதால், இணைப்புகளைச் சுற்றி அதைச் சிறிது தெளித்தாலே உங்கள் கூண்டின் ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும்.

கருவியில் இரண்டு பம்புகள் உண்டு. முதலில் காற்றை வெளியேற்றும் ரோட்டரி பம்ப் அழுத்தத்தை 0.1 மில்லிபாருக்குக் கீழே இறக்கிய பிறகே, சூடான எண்ணெய் ஆவியால் இயங்கும் டிஃப்யூஷன் பம்பின் வால்வைத் திறக்கவும். சூடான எண்ணெயில் காற்றுப் பட்டால் எண்ணெய் கெடும். எண்ணெய் விலை ஏறிவிட்டதால் இனி அது கருவியோடு வராது, தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும்.

நாங்கள் கேட்காமலேயே தங்கள் அழுத்தமானி (கேஜ்) அளவுகளைக் காட்டி எங்களுக்காகப் பேசிய பழைய வாடிக்கையாளர்களுக்கு எங்கள் மனமார்ந்த நன்றி. அந்த ஆதரவுதான் இந்தத் தொழிலில் எங்களை நிறுத்தி வைத்திருக்கிறது. வெற்றிடம் எட்டாமல் திண்டாடும் எவரும் இணைப்புகளின் படத்தை அனுப்புங்கள். எங்கே இடுங்குகிறது என்று சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
கடை உரிமையாளர்