இறந்துவிட்டதனாலேயே தவறு செய்தவர் ஆகிவிடுவாரா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலையேற்றத்திலோ, ஆழ்கடல் பயணத்திலோ, உயரத்திலிருந்து குதிக்கும் விளையாட்டிலோ ஒருவர் உயிரிழந்தார் என்ற செய்தி வந்ததும், அடுத்த சில நாள்களில் இரண்டு வகையான கருத்துகள் தவறாமல் எழுகின்றன. 'வினையை விலை கொடுத்து வாங்கினார், யார் என்ன செய்ய முடியும்' என்பது ஒன்று. 'தனக்குப் பிடித்ததைச் செய்துகொண்டிருக்கும்போதே போய்ச் சேர்ந்தார், அதுவும் ஒரு பேறு' என்பது மற்றொன்று. ஒன்று கண்டனமாகவும் மற்றது புகழுரையாகவும் தோன்றினாலும், இறந்தவர் எதையெல்லாம் அறிந்து, எதையெல்லாம் அறியாமல் அந்த முடிவை எடுத்தார் என்று விசாரிக்கும் கடமையிலிருந்து இரண்டுமே நம்மை விடுவித்துவிடுகின்றன. அந்த விசாரணை இல்லாமல் பொறுப்பைப் பற்றிப் பேசுவது நியாயமாகாது என்பதைச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

2017 ஜூன் 3 அன்று அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில், எல் கேப்பிடன் என்னும் சுமார் 900 மீட்டர் உயரமுள்ள செங்குத்துப் பாறையில் அலெக்ஸ் ஹானல்ட் கயிறு இல்லாமல் தனியாக ஏறி, நான்கு மணி நேரத்துக்குள் உச்சியை அடைந்தார். உலகெங்கும் பாராட்டுகள் குவிந்தன. அன்று ஒரு பிடி நழுவியிருந்தால், பாராட்டியவர்களில் பலரே அவரைப் பொறுப்பற்றவர் என்று எழுதியிருப்பார்கள் என நான் நம்புகிறேன். விளைவைப் பார்த்து முடிவின் தரத்தை அளக்கும் இந்தப் பழக்கத்தை ஜோனதன் பாரன், ஜான் ஹெர்ஷி என்ற ஆய்வாளர்கள் 1988-இல் சோதனைகள் மூலம் காட்டினர். ஒரே மருத்துவ முடிவைக் கொடுத்து மதிப்பிடச் சொன்னபோது, நோயாளி பிழைத்தார் என்று சொல்லப்பட்டால் அந்த முடிவு உயர்வாகவும், இறந்தார் என்று சொல்லப்பட்டால் தாழ்வாகவும் மதிப்பிடப்பட்டது. ஹானல்டைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல விரும்புகிறவர் கவனிக்க வேண்டியது, அவர் அதே பாதையில் கயிறு கட்டிக்கொண்டு நெடுங்காலம் பயின்றதையும், 2016-இல் கயிறில்லாமல் ஏறத் தொடங்கிய பிறகு மனம் ஒப்பாமல் முயற்சியைக் கைவிட்டதையும்தான். இவ்வளவுக்குப் பிறகும் அது ஏற்கத்தகாத ஆபத்து என்று ஒருவர் கருதலாம். ஆனால் அப்படிக் கருதுகிறவர், ஏறியவர் உயிரோடு இறங்கி வந்த நாளிலும் அதையே சொல்ல வேண்டும்.

1996 மே மாதம் எவரெஸ்டில் வீசிய பனிப்புயலின்போது எட்டுப் பேர் இறந்தனர். அவர்களில் ஒருவரான நியூசிலாந்து வழிகாட்டி ராப் ஹாலைப் பற்றி இன்றுவரை விவாதம் நடக்கிறது. பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் யாரும் ஏறிக்கொண்டிருக்கக் கூடாது, எந்த இடத்தில் இருந்தாலும் திரும்பிவிட வேண்டும் என்பது அவர் அழைத்துச் சென்ற குழுவில் பேசப்பட்டிருந்த வரம்பு. முந்தைய ஆண்டு சிகரத்துக்கு மிக அருகில் வந்தும் ஹாலின் சொல்லுக்குக் கட்டுப்பட்டுத் திரும்பிச் சென்ற வாடிக்கையாளர் டக் ஹான்சன், இந்த முறை அந்த வரம்பு கடந்து வெகுநேரம் ஆன பின்பே சிகரத்தை எட்டினார். ஹால் அவருக்காகக் காத்திருந்தார். இறங்கும் வழியில் ஹான்சனால் நகர முடியாமல் போனபோது, தான் மட்டும் இறங்கித் தப்பிக்கும் வாய்ப்பு இருந்தும் ஹால் அவரை விட்டு வரவில்லை. இருவரும் இறந்தனர். நேர வரம்பைத் தளர்த்தியது தவறு என்றே நானும் எண்ணுகிறேன். பணம் பெற்றுக்கொண்டு வழிகாட்டுகிற ஒருவருக்கு, வாடிக்கையாளரின் ஆசைக்கு எதிராக 'இல்லை' என்று சொல்வதுதான் முதல் கடமை. ஆனால் ஹான்சனை விட்டு வராத செயலை அந்தத் தவறின் தொடர்ச்சியாக மட்டும் பார்க்க என் மனம் இடம் தரவில்லை. ஒரே மாலையில் ஒரே மனிதர் பெரும் பிழையையும் செய்யலாம், நம்மில் மிகச் சிலரே செய்யக்கூடிய ஒன்றையும் செய்யலாம். அதே நாளில், அதே குழுவைச் சேர்ந்த மூவர், உரிய நேரத்துக்குள் சிகரத்தை அடைய இயலாது என்று கணித்து முற்பகலிலேயே திரும்பி உயிர் பிழைத்தனர். பல மாத உழைப்பையும் பெரும் பணத்தையும் விட்டுக்கொடுத்துத் திரும்பிய அவர்களைப் பற்றி எத்தனை பேருக்குத் தெரியும்? சரியான முடிவுகளில் மரணம் இல்லை. அதனாலேயே அவை செய்தியாவதில்லை.

இவ்வகைத் தீர்ப்புகளில் ஆணுக்கு ஒரு நீதி, பெண்ணுக்கு ஒரு நீதி என்பதும் உண்டு. 1995 மே மாதம் கூடுதல் ஆக்சிஜன் இல்லாமல் எவரெஸ்டில் ஏறிய பிரிட்டனின் அலிசன் ஹார்கிரீவ்ஸ், அதே ஆண்டு ஆகஸ்டில் கே-2 சிகரத்தை அடைந்து இறங்கும்போது இறந்தார். அவருக்கு இரண்டு சிறு குழந்தைகள் இருந்தனர். ஒரு தாய் எப்படி அங்கே போகலாம் என்று பத்திரிகைகளில் கேட்கப்பட்டது. அடுத்த ஆண்டு ராப் ஹால் இறந்தபோது அவருடைய மனைவி ஏழு மாதக் கர்ப்பிணி. ஒரு தந்தை எப்படிப் போகலாம் என்ற கேள்வி அந்த வேகத்தில் எழவில்லை. பெற்றோருக்குக் கூடுதல் பொறுப்பு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. அது உண்மையானால் இருவருக்கும் உண்டு.

தன் உயிரைப் பணயம் வைப்பதும் பிறர் உயிரைப் பணயம் வைப்பதும் ஒன்றல்ல. டைட்டானிக் கப்பலின் சிதைவைக் காண 2023 ஜூன் 18 அன்று இறங்கிய டைட்டன் நீர்மூழ்கி, ஆழ்கடலின் அழுத்தத்தில் நொறுங்கி ஐந்து பேர் மாண்டனர். அவர்களில் அதை இயக்கிய நிறுவனத்தின் தலைவரும் இருந்தார், தந்தையுடன் சென்ற பத்தொன்பது வயது இளைஞரும் இருந்தார். அந்தக் கலம் எந்தத் தன்னாட்சி அமைப்பின் தரச்சான்றையும் பெறவில்லை. 2018-ஆம் ஆண்டிலேயே அத்துறையைச் சேர்ந்த முப்பதுக்கும் மேற்பட்டோர் எழுத்தில் கவலை தெரிவித்திருந்தனர். பாதுகாப்பைக் குறித்துக் கேள்வி எழுப்பிய, அந்நிறுவனத்தின் அதிகாரி ஒருவர் அதே ஆண்டு வேலையிலிருந்து நீக்கப்பட்டார். இந்த விபத்தைத் தவிர்த்திருக்கலாம் என்று அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் விசாரணை அறிக்கை 2025-இல் கூறியது. பயணிகள் மரண அபாயத்தை ஏற்பதாகக் கையெழுத்திட்டிருந்தார்களே என்று சிலர் வாதிடுகின்றனர். கையெழுத்து மட்டும் சம்மதம் ஆகாது. கலத்தின் சுவரைப் பற்றி வல்லுநர்கள் என்ன சொன்னார்கள் என்பதை முழுமையாக அறிந்த பிறகு இடப்படும் கையெழுத்தே சம்மதம். மறைக்கப்பட்ட ஆபத்துக்கு அதை மறைத்தவரே பொறுப்பாவார்; அவரும் உடன் இறந்தார் என்பதால் அந்தப் பொறுப்பு குறைந்துவிடாது.

இந்தப் பயணங்களுக்காக உழைப்பவர்களும் நம் தீர்ப்புகளில் இடம்பெறுவதில்லை. 2014 ஏப்ரல் 18 அன்று எவரெஸ்டின் கும்பு பனியருவிப் பகுதியில் பனிச்சரிவில் இறந்த பதினாறு பேரும் பிறருடைய ஏற்றத்துக்காக வழியமைத்து, சுமை தூக்கிச் சென்ற நேபாளத் தொழிலாளர்கள். 'விரும்பிச் சென்றார்கள்' என்ற வாக்கியத்தை அவர்கள்மீது போர்த்த யாருக்கும் உரிமை இல்லை.

ஆகவே தங்கள் நாளிதழுக்கு என் வேண்டுகோள் இது. இத்தகைய மரணத்தைச் செய்தியாக்கும்போது, இறந்தவரின் குடும்பத்தாரிடம் 'ஏன் தடுக்கவில்லை' என்று கேட்பதைத் தவிருங்கள். எந்த எச்சரிக்கை யாருக்குத் தெரிந்திருந்தது, யார் பணம் பெற்றார்கள், திரும்பிவிட வாய்ப்பு இருந்ததா, உடன் சென்றவர்களுக்கு உண்மை சொல்லப்பட்டதா என்ற கேள்விகளுக்கு விடை தேடுங்கள். விடைகள் கிடைக்க நாளாகும். டைட்டன் பற்றிய அறிக்கைக்கே இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. முதல் நாள் அதிர்ச்சிச் செய்திக்கு ஒதுக்கிய இடத்தில் ஒரு பகுதியையாவது, விசாரணை முடிவு வெளிவரும் நாளிலும் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்